புரோமில் அண்ணைக்குத் தெரியாத ஒரு பிரிவு

சுவிஸ் நாட்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தை முழுதாக வாசித்தவர்கள் சிலர் இருக்கக்கூடும். அதைப் பிரிவு பிரிவாக மீறிப் பார்த்துப் படித்தவர் எனக்குத் தெரிய ஒருவர்தான். லாங்கன்தாலில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு, கடிதப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் புரோமில் அண்ணை.

புரோமில் என்பது இரத்தத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு மதுசாரம் என்று பொலிஸ் அளக்கிற அளவு. தசம் ஐந்தைத் தொட்டால் குற்றம். தசம் எட்டைத் தொட்டால் பெருங்குற்றம். இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மூன்றாம் மாடியில் நடந்ததை இரண்டாம் மாடியில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதற் பாடம் 2009 இல் நடந்தது. வேலைத்தலத்து நண்பர் வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள். திரும்பி வரும் வழியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. தசம் ஆறு. தண்டம் கட்டி முடித்த கொஞ்ச நாளில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மன் கடிதம் யார் வீட்டுக்கு வந்தாலும் வாசித்துச் சொல்வது நான்தான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுக்கவில்லை.

"லைசென்ஸைப் பறிக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

எச்சரிக்கை மட்டும்தான் என்றேன். அப்படியென்றால் இது சோதனை பாஸ் பண்ணின மாதிரி என்று சந்தோஷப்பட்டு, அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கார் லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த முறை பொலிஸ் மறித்தால் தான் புது ஆள் இல்லை என்று காட்டலாமாம்.

அந்த மாரியிலேயே அடுத்த பாடம் வந்தது. விடிகாலை ஷிப்டுக்கு நேரம் பிந்திவிட்டது. கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. சுரண்டுகிற தட்டைக் காணவில்லை என்று கடைக் கார்டு ஒன்றால் சுரண்டி, ஸ்டியரிங்குக்கு நேரே ஒரு உளுந்து வடை அளவுக்கு இடம் எடுத்தார். அதற்குள்ளால் பார்த்தபடியே தொழிற்சாலைக்கு விட்டார். சுற்றுவட்டத்தில் பொலிஸ் நின்றது. பொலிஸ் அவரைக் கண்டது, அவர் பொலிஸைக் காணவில்லை. என்னுடைய இரண்டு கண்ணும் அந்த ஓட்டைக்குள் அடங்கும்தானே என்று வாதாடியும் பார்த்தார். ஒரு மாதம் லைசென்ஸ் போனது.

"குடிச்சாத்தான் குற்றமெண்டு நினைச்சிருந்தன் தம்பி. இவங்கள் பனிக்கும் ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மரியாதைதான் இருந்தது.

மூன்றாவதைச் சொல்லமுதல் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, மண்டபத்துக்குள் ஒரு சொட்டு மதுசாரம் இருக்காது. உள்ளே பாயாசமும் வடையும் கரைபுரண்டு ஓடும். முகூர்த்தம் முடிந்த கையோடு ஆண்கள் ஒவ்வொருவராகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போவார்கள். கார்த் தரிப்பிடத்தில் நாலைந்து கார்களின் டிக்கி திறந்திருக்கும். போத்தல், பிளாஸ்டிக் கிளாஸ், மூடி போட்ட சட்டியில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், எல்லாம் அங்கே இருக்கும். கிளாஸை வாங்க மறுத்தால் கார்க்காரருக்கு மனம் நோகும். அந்த டிக்கியடியில்தான் எங்கள் சட்டமும் இயற்றப்பட்டது. இஞ்சி சப்பினால் ஊதும்போது காட்டாது, பால் குடித்தால் இறங்கிவிடும், கொழுப்புள்ள இறைச்சி சாப்பிட்டால் ஏறவே ஏறாது. அந்த நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான்தான்.

அப்படி ஒரு சாமத்திய வீட்டில் அண்ணை நாலு டிக்கிக்காரரின் மனத்தையும் நோகாமல் பார்த்துக்கொண்டார். ஒன்று தசம் ஒன்று. முன்னரே ஒரு மாதம் பறித்த கணக்கு இருந்ததால் இந்த முறை ஆறு மாதம். அவர் அதை எனக்கு விரல் மடித்து விளக்கினார். இலகுவானது, நடுத்தரம், பாரதூரம் என்று இந்த நாட்டில் மூன்று வகைக் குற்றம் உண்டாம். தசம் ஆறு இலகு, பனி நடுத்தரம், இது பாரதூரம். மூன்றிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் தான் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

ஆறு மாதமும் சைக்கிளில் போனார். ஒரு சனிக்கிழமை கரப்பந்துப் போட்டி. எங்கள் அணி வென்றதோ தோற்றதோ மறந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் குடித்திருப்போம். பின்னேரம் ஆற்றங்கரைப் பாதையில் அண்ணையின் சைக்கிள் முழுப் பாதையையும் பாவித்தபடி வந்ததைப் பார்த்து ஒரு பெண் பொலிஸ் மறித்தார். சைக்கிளுக்குமா சட்டம் என்று அண்ணை உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டிருக்கிறார். சைக்கிளுக்கும்தான். தண்டமும், ஒரு மாதம் சைக்கிள் ஓடத் தடையும் கிடைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தார். நான் கேட்கமுதலே சொன்னார்.

"தள்ளலாமாம். கேட்டுப்போட்டுத்தான் வாறன்."

நான் சிரித்தேன். முற்றத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மகள் சிரிக்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அப்போது இருபது வயதிருக்கும். கூடப் படித்த இரண்டு பேர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மேலே ஏறிப் போய் மூன்று நாள் தகப்பனோடு கதைக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் ஒரு பழைய விளையாட்டு இருந்தது. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அவர்தான் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோவார். அவள் பின் சீற்றில் பெரிய மனுசி மாதிரி இருந்துகொண்டு, "டிரைவர், வலப்பக்கம். டிரைவர், மெல்ல," என்று கட்டளை போடுவாள். அவரும் ஓம் மேடம், ஓம் மேடம் என்று ஓடுவார். நாலாம் நாள் அவள் தகப்பனிடம் வந்து ஒன்றுதான் கேட்டாள்.

"என்ர கலியாணத்துக்கு நீங்கள்தான் கார் ஓட வேணும் அப்பா. அதுக்கு லைசென்ஸ் இருக்க வேணும்."

அன்றோடு மனிதர் மாறினார். லைசென்ஸ் திரும்ப வந்ததும் ஊதிப் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கினார். காலையில் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டும் ஊதிப் பார்த்தார். மண்டபத் தரிப்பிடங்களில் டிக்கி டிக்கியாகப் போய் மற்றவர்களையும் ஊதவைத்தார். நித்திரை தூங்கி ஓடினால் என்ன வகை, முன் காருக்கு ஒட்டி ஓடினால் என்ன வகை, பறித்த லைசென்ஸோடு ஓடினால் என்ன வகை என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னார். அவரைத் தூரத்தில் கண்டால் டிக்கிகள் படபடவென்று மூடும். நான்கூட இரண்டொரு முறை கிளாஸோடு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. லுசேர்ணுக்குப் பக்கத்தில் மண்டபம். எங்கள் ஆட்களுக்கு மண்டபம் எடுப்பதென்றால் ஒரு வருடத்துக்கு முதலே எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆவணிக்கு நாள் குறித்தார்கள். அண்ணை அன்றிலிருந்தே காரைக் கழுவத் தொடங்கினார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவருடைய தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து. அண்ணை ஒரு சின்னப் பியர் குடித்தார். சாப்பிட்டார். இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் புறப்பட்டார். ஒரு வளைவில் ஈர இலையில் சில்லு வழுக்கி, கார் ஒரு வீட்டு வேலியில் போய் இடித்தது. இரண்டு பலகை உடைந்தது. அவ்வளவுதான். இறங்கி மெஷினை எடுத்தால் அதற்குள் பற்றரி இல்லை. எனக்குப் போன் எடுத்தார்.

நான் அப்போது வேறொரு மண்டபத்தின் தரிப்பிடத்தில், டிக்கியடியில், கையில் இரண்டாவது கிளாஸோடு நின்றேன். சுற்றி ஐந்து பேர். புரோமில் அண்ணை பேசுகிறார் என்றதும் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

நடந்ததைச் சொன்னார். "பொலிஸ் வந்தா ஊதச் சொல்லுவாங்கள் தம்பி. எட்டுக்கு மேலை காட்டிச்சுதெண்டா எனக்குப் பன்னிரண்டு மாசம். பிள்ளைக்குச் சொன்ன சொல்லு இருக்குது."

ஒரு சின்னப் பியருக்கு எட்டு வராது. இரண்டு மணித்தியாலம் கழித்து இரண்டுகூட வராது. அதை எங்களுக்குப் படிப்பித்ததே அவர்தான். ஆனால் பயந்த மனிதனுக்குத் தான் படிப்பித்தது ஞாபகம் வராது. அதை நான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். அங்கேயே நில்லுங்கோ அண்ணை என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டை போய் அரைப் போத்தலை இறக்குங்கோ அண்ணை," என்றேன். "முந்திக் குடிச்சதோ பிந்திக் குடிச்சதோ எந்தப் பொலிசாலையும் கண்டுபிடிக்கேலாது."

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் கேட்டார்.

"உண்மையோ தம்பி?"

"சட்டம் அண்ணை," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு ஒரு கட்லட் எடுத்தேன். பகிடிக்குத்தான் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகிடி என்று அவருக்குச் சொல்லவில்லையே.

அந்த வேலிக்காரி ஒரு வயதான சுவிஸ் அம்மா. கார் இடித்த சத்தம் கேட்டு வந்து, அடிபட்டதா என்று அண்ணையைக் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் எடுத்து வர உள்ளே போனார். திரும்பி வந்தால் காரையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை. தலையில் அடிபட்டு மனிதர் குழம்பிப் போய்விட்டாராக்கும் என்று பயந்துதான் கார் இலக்கத்தைச் சொல்லிப் பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸ் வரும்போது அண்ணை சமையலறையில் அரைப் போத்தலை முடித்துவிட்டு, என் சட்டத்தின்மேல் நம்பிக்கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒன்று தசம் ஏழு.

அளக்க விடாமல் இப்படிக் குழப்புவதே ஒரு தனிக் குற்றமாம். எட்டுக்கு மேல் குடித்து ஓடியதற்குச் சமமான பாரதூரம். புரோமில் அண்ணைக்குத் தெரியாமல் இருந்த ஒரே பிரிவு அது. நின்று ஊதியிருந்தால் பியருக்கு ஒன்றும் இல்லை, வேலிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். இப்போது பன்னிரண்டு மாதம். கலியாணத்துக்கு ஆறு கிழமை பிந்தித்தான் லைசென்ஸ் வரும்.

நான் விஷயம் கேள்விப்பட்டு மேலே ஓடினேன். அன்று நானும் அந்த இரண்டு கிளாஸோடுதான் கார் ஓடி வீடு வந்திருந்தேன். என்னை யாரும் மறிக்கவில்லை. கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது உள்ளே அக்காவின் குரல் கேட்டது. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்றும் சத்தம் போடவில்லை.

"இந்த மூளை உங்களுக்கு ஆர் தந்தது?"

"நானே யோசிச்சது," என்றார் அண்ணை. கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னார். நான் சப்பாத்தைத் திரும்பவும் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த கிழமை கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் அவரைப் பிடித்தேன். பொலிஸிடமும் அக்காவிடமும் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் தோய்க்கிற மெஷினுக்குள் சாரத்தைத் திணித்துக்கொண்டே கேட்டார்.

"சொன்னா என்ர பன்னிரண்டு மாசம் பதினொண்டாகுமோ? சொல்லிக் குடுத்தவனுக்கும் அதிலை ஒரு பிரிவு இருக்குது தம்பி. இப்பத்தான் படிச்சனான். நீ வான் ஓடிச் சீவிக்கிற ஆள்."

உண்மைதான். லுசேர்ண் ஹோட்டல்களுக்குச் சலவைத் துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வான் ஓடித்தான் நான் பிழைத்தேன். எழுத்து எவனுக்குச் சோறு போட்டது. லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

"உன்ரையும் போச்சுதெண்டா," என்றார், "பிள்ளையை ஆர் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆறுதல்தான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

லைசென்ஸ் திரும்பக் கிடைக்க இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள். மாதக்கணக்கில் ஒரு சொட்டும் தொடவில்லை என்று முடியைப் பரிசோதித்து நிரூபிக்க வேண்டும். அண்ணையின் மண்டையில் எடுக்க ஒன்றும் இல்லை. டாக்டர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒரு சதுரம் வழித்து எடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் மேற்சட்டை இல்லாமல் நின்றவரைக் கண்டவர்கள், இருதய ஒப்பரேஷன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று வீட்டிலிருந்து சூப் வந்தது. அண்ணை மறுக்கவில்லை. குடித்துவிட்டு, இதுக்குள்ள வைன் விடேல்லைத்தானே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துக் கேட்டார்.

ஆவணியில் கலியாணம் வந்தது. காலையில் அண்ணை பட்டு வேட்டியோடு தரிப்பிடத்துக்கு இறங்கி வந்து மெஷினை நீட்டினார். ஊதினேன். பூச்சியம். இன்னொரு முறை ஊதச் சொன்னார். அதுவும் பூச்சியம். சாவியை என் கையில் தந்தார். அது அவருடைய கார். ஒரு வருடமாகக் கழுவிக் கழுவி ஓடாமல் வைத்திருந்த கார். அவர் என் பக்கத்தில் ஏறி, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் மகளும் அக்காவும்.

வழி முழுக்க அவருடைய வலது கால் தானாக பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் பாய்தான். ஏரி தெரியத் தொடங்கியபோது பின்னாலிருந்து மகள், பழைய ஞாபகத்தில், "டிரைவர், மெல்ல," என்றாள்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கத்தான் தொடங்கியிருப்பாள், ஆனால் கண் கலங்கிவிட்டது.

"ஏன் அப்பா அண்டைக்கு அப்பிடிச் செய்தனீங்கள்? ஒரு பியர்தானே. நிண்டிருக்கலாமே."

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் தோளில் கையை வைத்தார்.

"அது அப்பான்ர பிழை குஞ்சு," என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "நீ ரோட்டைப் பார்," என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். மண்டப வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்வரை அதை மட்டும்தான் பார்த்தேன்.

ஆறு கிழமை கழித்து லைசென்ஸ் வந்தது. அவர் அதை வீட்டு லாச்சிக்குள், காரிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காரை விற்றுவிட்டார். ஓட இருந்தது ஒரு நாள் ஓட்டம், அது முடிந்துபோச்சு என்றார். இப்போது பஸ்ஸில் போகிறார். ஆனால் சனி ஞாயிறுகளில் நான் எங்கேயாவது புறப்படும் சத்தம் கேட்டால், மேலேயிருந்து மெஷினோடு இறங்கி வருவார். இத்தனை வருடமாக நான் ஊதாமல் சாவியைத் திருப்பியதில்லை.

அக்கா இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாசிக்கிறவர். அந்த அரைப் போத்தலை இன்றும் இடைக்கிடை சொல்லிக் காட்டுவார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணீர் குடிப்பார். நான் அங்கே இருந்தால் யன்னலால் வெளியே பார்ப்பேன். அக்கா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு காலம் பிந்திப் பதில் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மூளை என்னுடையது.

இதை வாசித்ததும் அண்ணை கோபத்தோடு இறங்கி வந்து என் கதவைத் தட்டுவார். மெஷினையும் கொண்டு வரட்டும். குடிக்காமல்தான் எழுதினேன் என்று அவருக்கு ஊதிக் காட்ட வேண்டும்.